வால் வந்தாச்சு

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த ஸ்டேஷனை மூடப்போகிறார்களாம். அதற்கு முன் இதன் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கடைசி வண்டியில் வருகிற அதிகாரியிடம் கொடுக்க வேண்டுமாம். ஏதோ நினைவு மலரில் போடுவார்களாம். அந்த அதிகாரி இப்போது ஸ்டேஷன் அறையில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் நான்தான். அதையும் சேர்த்து எழுதப்போவதால் ஒரு பக்கத்துக்கு மேல் போகும். போகட்டும்.

இந்த ஊருக்கு வரலாறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தாகத்தால் பிறந்த ஊர் இது. கரி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், இத்தனை மைலுக்கு ஒரு தரம் அவற்றுக்குத் தண்ணீர் காட்டியாக வேண்டும். எங்கேயோ உட்கார்ந்து யாரோ ஒருவர் வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியில்தான் நான் பிறந்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு அறை, ஒரு ஸ்டேஷன், ஒன்பது வீடுகள். சுற்றிலும் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நிழலுக்கென்று நட்ட மூன்று மரங்களும் பட்டுப்போயின. கிழக்கே அடுத்த ஸ்டேஷன் பதினொரு மைல். அங்கிருந்து வண்டி கிளம்பிப் பாதி வழி வருவதற்குள் இங்கே புகை தெரியும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து நிதானமாக வேடிக்கை பார்க்கலாம்.

என் அப்பா இங்கே பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ப நெம்புகோலை இழுத்துத் திருப்பிவிடுகிற வேலை. அவர் ஓய்வு பெற்றபின் அந்த வேலை எனக்கு வந்தது. பெண்ணானாலும் பதவியின் பெயர் மேன்தான். அதை மாற்ற அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

இந்த வேலையில் கையைவிட வாய்க்குத்தான் பொறுப்பு அதிகம். ஒவ்வொரு வண்டியின் கடைசிப் பெட்டியிலும் ஒரு சிவப்புப் பலகை தொங்கும். அதைத்தான் நாங்கள் வால் என்போம். எஞ்சின் வந்துவிட்டதாலேயே வண்டி வந்துவிட்டது என்று ஆகாது. நடுவில் கொக்கி கழன்று, பின்பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கலாம். அதனால் பாயிண்ட்ஸ்மேன் வாலைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, “வால் வந்தாச்சு” என்று கத்த வேண்டும். அதைக் கேட்டபின்தான் ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டில் ‘முழுமையாக வந்து சேர்ந்தது’ என்று எழுதி, மேசை மேலிருக்கும் மணிப்பெட்டியை இரண்டு தரம் அடிப்பார். அந்த மணி அடுத்த ஸ்டேஷனில் கேட்கும். பாதை காலி என்று தெரிந்துகொண்டு அங்கே அடுத்த வண்டியை விடுவார்கள். வண்டியை விட்டதும் அங்கிருந்து மூன்று தரம் அடிப்பார்கள். வண்டி கிளம்பியாச்சு, நீ தயாராக இரு என்று அர்த்தம்.

இந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. கடைசி ஆள் உள்ளே வந்ததும் யாராவது “வால் வந்தாச்சு” என்று சொன்னால்தான் கதவைச் சாத்துவார்கள். நான் ஒற்றைப் பிள்ளை. எஞ்சினும் நான்தான், வாலும் நான்தான் என்று அம்மா கேலி செய்வாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாரத்தில் ஒருநாள், சரக்கு வண்டியின் கடைசியில் ஒரே ஒரு பயணிகள் பெட்டியை மாட்டி அனுப்புவார்கள். வீட்டுச் சாமான் வாங்க ஊர்ப் பெண்கள் அதில் காலையில் டவுனுக்குப் போய்ப் பிற்பகலில் திரும்புவார்கள். அன்றைக்கு நாலு பேர் போனார்கள். என் அம்மா, பம்புக்காரரின் மனைவி, தண்டவாளக் கூலியாட்களின் மேஸ்திரி பெண்டாட்டி, ஸ்டேஷன் மாஸ்டரின் தங்கை. கிளம்புவதற்கு முன் அம்மா என்னை நிற்க வைத்து, ஒரு சணல் கயிற்றால் என் பாதத்தை அளந்தாள். குதிகாலில் ஒரு முடிச்சு, கட்டைவிரலில் ஒரு முடிச்சு. எனக்குச் செருப்பு வாங்க. பூ வைத்த செருப்புதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பூ வைத்ததே வாங்கிவருகிறேன் என்று கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பிற்பகல் இரண்டரைக்கு வண்டி திரும்பி வந்தபோது புழுதிக்காற்று. நான் ஸ்டேஷன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. எஞ்சின் என்னைக் கடந்தது, பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது, தடதட சத்தம் ஓய்ந்தது. கிழக்குக் கோடியில் நெம்புகோல் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “வால் வந்தாச்சு!” மாஸ்டர் மணியை அடித்தார். கொஞ்ச நேரத்தில் மணிப்பெட்டி மூன்று தரம் அடித்தது. பின்னால் தானிய வண்டி ஒன்று கிளம்பிவிட்டது.

பத்து நிமிஷம் கழித்துப் புழுதி அடங்கியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சரக்குப் பெட்டிகள் நின்றன. கடைசிப் பெட்டியைக் காணோம்.

ஊரே கிழக்கே ஓடியது. நடுப்பாதையில் கழன்று நிற்கிற பெட்டி மேல் தானிய வண்டி ஏறப்போகிறது. பம்புக்காரர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டே ஓடினார். பெரியவர்களின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் நான் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். ஒரு மைல்கூடப் போயிருக்க மாட்டார்கள், தானிய வண்டி எதிரே வந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. டிரைவரிடம் கேட்டதற்கு, வழியில் எதையும் பார்க்கவில்லை, பாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது என்றார்.

மேஸ்திரி தன் ஆட்களோடு பதினொரு மைலையும் நடந்து பார்த்தார். ஆறாவது மைலில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், எண்ணெய்ப் பசையோடு ஒரு கொக்கி கிடந்தது. யாரோ கழற்றிப் பத்திரமாக வைத்த மாதிரி கிடந்ததாம். அவ்வளவுதான். ஒரு கோழி நடந்தால்கூடத் தெரிகிற சமவெளியில், ஒரு ரயில் பெட்டியும் நாலு பெண்களும் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி மூன்று நாள் தங்கினார். கிழக்கு ஸ்டேஷனில், நாலு பேரும் பெட்டியில் இருந்தார்கள், வாலோடுதான் வண்டி போனது என்று சாதித்தார்கள். இங்கே பதிவேட்டில் ‘முழுமையாக வந்து சேர்ந்தது’ என்று இருந்தது. பின்னால் வந்த வண்டி இடிக்காமல் வந்ததே, அது போதாதா சாட்சிக்கு? அவர் என் அப்பாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாலைப் பார்த்தாயா? அப்பா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பார்க்கவில்லை என்றால் வேலை போகும், வீடு போகும், சிறைக்கும் போக வேண்டியிருக்கும். “பாத்தேன் ஐயா” என்றார். பெட்டி வந்து சேர்ந்தது, எனவே காணாமல் போகவில்லை என்று எழுதிவிட்டு அந்த அதிகாரி கிளம்பிப் போனார்.

பெட்டி வந்தது என்றால் அதில் இருந்தவர்களும் வந்தாக வேண்டும் அல்லவா? அப்பா அந்த நியாயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அன்று இரவு முதல் எங்கள் வீட்டில் மூன்று தட்டு. அம்மா எங்கே என்று நான் அழுதால், “உள்ள வேலையா இருக்கா, தொந்தரவு பண்ணாதே” என்பார். வாரத்துக்கு ஒரு தரம் அம்மாவின் புடவையைத் துவைத்துக் கொடியில் போடுவார். குடும்ப பாஸில் மூன்று பேர். ஆள் கணக்கெடுக்க வந்தவரிடமும் மூன்று பேர்தான். மனுஷர் கிறுக்காகிவிட்டார் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் பெட்டி வரவில்லை என்று ஆகிவிடும். மாஸ்டருக்கும் அது ஆகாது, அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எட்டாம் நாள் சமையலறையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

அப்பா அப்போது வேலையில் இருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் டம்ளர். அப்புறம் அலமாரிக் கதவு. அப்புறம் ஈரத் துணியால் மேடையைத் துடைக்கிற சத்தம், அம்மா துடைக்கிற அதே மூன்று இழுப்பு. சந்தோஷத்தில் நோட்டைக் கீழே போட்டேன். “அம்மா, செருப்பு வாங்கினியா?” என்று கேட்டேன். சத்தம் நின்றது. ரொம்ப நேரம் கழித்து மறுபடியும் டம்ளர். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கேட்ட செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என் அம்மா இருக்க மாட்டாள். உள்ளே இருந்தது பதிவேட்டில் வந்து சேர்ந்த அம்மா.

ஆனாலும் அந்தச் சத்தத்தோடுதான் நான் வளர்ந்தேன். சத்தம் கேட்கும்போது சமையலறைக்குள் போக மாட்டேன். போனால் நின்றுவிடும். காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, தூங்காமல் காவல் இருக்கிற மாதிரி. அதற்காக நான் நன்றியோடு அழுதிருக்கிறேன். அப்பாவுக்கும் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை, எனக்குக் கேட்கிறது என்று அவரிடம் சொன்னதும் இல்லை. இப்படியே நாற்பத்தொரு வருஷம்.

ஊரின் மற்ற வரலாறு சீக்கிரம் முடிந்துவிடும். மாஸ்டர் மாற்றலாகிப் போய் அங்கேயே இறந்தார். மேஸ்திரி இங்கேயே இறந்தார். கரி எஞ்சின் போய் டீசல் வந்தது. டீசலுக்குத் தாகம் இல்லாததால் ஊருக்கும் வேலை இல்லாமல் போனது. பம்புக்காரரை வெறும் தொட்டிக்குக் காவலாக வைத்துக்கொண்டார்கள். வெயில் காலத்தில், நடுப்பகலில், கிழக்கே கானலில் ஒற்றைப் பெட்டி ஒன்று நிற்பது போலத் தெரியும். பம்புக்காரர் குடையை எடுத்துக்கொண்டு நடந்து போவார். கிட்டே போகப்போக அது பின்வாங்குமாம். சாயங்காலம் திரும்பி வந்து, இன்றைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது என்பார். ஆறு மாதத்துக்கு முன் கிழக்கு ஸ்டேஷனையும் மூடினார்கள். மணிப்பெட்டிக் கம்பியை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பெட்டி மட்டும் செத்துப்போய் மேசை மேல் கிடந்தது.

இன்று கடைசி வண்டி. எங்களை ஏற்றிக்கொண்டு போனபின் நாளையிலிருந்து தண்டவாளத்தைப் பெயர்க்கப் போகிறார்கள். மிச்சம் இருப்பது நாலு பேர்தான். நான், அப்பா, பம்புக்காரர், இப்போதைய ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்கு இருபத்தாறு வயது, என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

காலை முழுக்க மூட்டை கட்டினேன். பாத்திரங்களையெல்லாம் நேற்றே கட்டிவிட்டேன், சமையலறையில் ஒரு கரண்டிகூட இல்லை. ஆனாலும் உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம். வழக்கத்தைவிட வேகமாக, யாரோ பதற்றத்தில் இருக்கிற மாதிரி. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இருபதடிதான். அங்கே போய் நின்றபோதும் கேட்டது.

இரண்டரைக்கு வண்டி வந்தது. காற்று இல்லை, புழுதி இல்லை. டீசல் எஞ்சின், இரண்டு பெட்டி, இரண்டாவதில் வால். பளிச்சென்று பார்த்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது அப்பா பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். எழுபத்து நாலு வயது. கண்ணில் ஒரு கெஞ்சல்.

“பாப்பா, உங்கம்மா கடைசியா வந்து ஏறுவா” என்றார். “வால் வந்தாச்சுன்னு நீ சொல்லிடு. சொன்னா கிளம்பிடலாம்.”

அவர் கையில் மூன்று பேருக்கான பாஸ் இருந்தது. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், இத்தனை வருஷம் கேட்ட சத்தத்தை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கேயும் ஒரு சமையலறை இருக்கும், டம்ளர் சத்தம் இருக்கும். ஆனால் பாதை மூடிவிடும். தண்டவாளம் போனபின், ஆறாவது மைலுக்கும் இந்தப் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற அந்தப் பெட்டி எதன் மேல் ஓடி வரும்? இடுப்பில் என் பாதத்தின் அளவைச் செருகிக்கொண்டு போனவள் எந்த வழியாக வருவாள்?

“வால் வரல” என்று கத்தினேன்.

தம்பி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணெதிரே வால் தொங்குவதைக் காட்டி, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அதிகாரி இறங்கி வந்து, இதென்ன விளையாட்டு என்றார். இந்த வாலைச் சொல்லவில்லை என்றேன். நாற்பத்தொரு வருஷமாக ஒரு வால் வரவில்லை, பாதை காலி இல்லை, காலி இல்லாத பாதையை மூடவும் முடியாது, இந்த வண்டியை விடவும் முடியாது என்றேன். பாயிண்ட்ஸ்மேன் வாயால் சொல்லாமல் மாஸ்டர் எழுதக்கூடாது. இது நான் போட்ட விதி இல்லை, இவர்கள் போட்டது. வேண்டுமானால் அவரே வாலைப் பார்த்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும் என்றேன். அதிகாரி பேனாவை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், மறுபடியும் பையில் செருகிக்கொண்டார். கையெழுத்து என்றதும் பின்வாங்குவதில் மட்டும் இந்தத் துறையில் எல்லோரும் ஒரே ஜாதி.

அந்த நாள் பதிவேட்டில் பெட்டி வந்ததாகத்தானே இருக்கிறது, பார்த்தவர் இதோ நிற்கிறாரே என்று, அந்தப் பழைய விசாரணையைக் கேள்விப்பட்டிருந்த அதிகாரி என் அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா கையிலிருந்த பாஸைப் பார்த்தார். வீட்டு ஜன்னலைப் பார்த்தார். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“பாக்கல ஐயா” என்றார். “தூசியில கண்ணு தெரியல. இருபது வயசுல வேலைக்கு வந்தேன், ஒரு நாள்கூட வால் வராம இருந்ததில்ல. வந்திருக்கும்னு கத்திட்டேன்.”

சமையலறையில் சத்தம் நின்றது.

நான் உள்ளே போகாமலே அந்தச் சத்தம் இப்படி அடியோடு நின்றது இதுதான் முதல் தடவை. அப்பாவும் சட்டென்று ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். அவருக்கும் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு இரண்டாம் முறையாகத் தாய் போய்விட்ட மாதிரி இருந்தது. அப்பா குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஸ்டேஷன் அறையில் மணிப்பெட்டி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

தம்பி அறைக்குள் ஓடினார். பெட்டியைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டினார். அறுத்த கம்பி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. அதற்குப் பிறகு அதிகாரி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான். கடைசி வண்டியைப் பக்கத்துப் பாதைக்குத் தள்ளி நிறுத்தச் சொல்லி, நெம்புகோலை இழுத்து மெயின் லைனைத் திறந்து வைத்தேன். பம்புக்காரர் தன் டிரங்குப் பெட்டியை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டினார். கரி எஞ்சினாக இருந்தால் தண்ணீர் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே பம்பு அறைக்குப் போனார். துருப்பிடித்த சக்கரத்தை அவர் திருப்புகிற சத்தம் இங்கே கேட்கிறது.

பதினொரு மைலுக்குச் சரக்கு வண்டி இருபத்தைந்து நிமிஷம் எடுக்கும். இதைக் கிழக்குக் கோடியில், நெம்புகோல் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாற்பத்தொரு வருஷம் தாமதமான வண்டிக்கு அது பெரிதில்லை. அடிவானத்தில் இப்போதுதான் புகை மாதிரி ஒன்று தெரிகிறது. புகைக்குப் பின்னால் புழுதிக்காற்றும் எழுந்திருக்கிறது, அன்றைக்கு வந்த அதே பக்கத்திலிருந்து. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. அம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. எனக்கு இப்போது ஐம்பது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியுமா, அவள் வாங்கிவருகிற செருப்பில் என் கட்டைவிரலாவது நுழையுமா, வருவது அவள்தானா, ஒன்றும் தெரியாது. அப்பா என் பின்னால் நின்று என் தோளைப் பிடித்திருக்கிறார். நடுங்குவது அவர் கையா, தண்டவாளமா என்று தெரியவில்லை.

வரலாறு இவ்வளவுதான். காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கப் போகிறேன். எவ்வளவு புழுதி அடித்தாலும் சரி, வாலை என் கண்ணால் பார்க்காமல் இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன்.